எல்ஜிபிடி சமத்துவம்: மாகாணங்கள் தரும் வாக்குறுதியை எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன்பால் ஈர்ப்பாளர், இருபால் ஈர்ப்பாளர், திருநர், இடைப்பாலினத்தவர் ஆகியோரின் உரிமை என்றாலே பேச்சு நாடாளுமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போய்விடுகிறது. அவற்றுக்குக் கீழே மாகாண அரசுகள் இருக்கின்றன. மேலே, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்புகள் இருக்கின்றன. இந்த இரண்டு தளங்களிலும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஏகப்பட்ட வாக்குறுதிகள் தரப்பட்டுள்ளன. சில நிறைவேறின, பல காற்றோடு போயின. எது ஏன் நிறைவேறியது என்பதுதான் இந்தப் பக்கத்தின் கவலை. ஐரோப்பா கொஞ்சம் அதிகமாகவே வரும். மாகாணம், நாடு, கண்டம் என்ற மூன்று அடுக்குகளும் இந்த விஷயத்தில் அதிகம் மோதிக்கொண்டது அங்கேதான்.

திருமணச் சட்டமும் தண்டனைச் சட்டமும் பெரும்பாலும் மத்திய அரசின் கையில். மாகாண அரசிடம் அப்படி என்ன இருக்கிறது?

அன்றாட வாழ்க்கை இருக்கிறது. பல நாடுகளில் பள்ளிக்கூடம், அரசு மருத்துவமனை, வீட்டுவசதி, சமூகநலத் துறை, உள்ளூர்ப் பேருந்து, சில இடங்களில் காவல்துறை எல்லாமே மாகாணத்தின் பொறுப்பு. ஒருவர் வாழ்நாளில் நாடாளுமன்றச் சட்டத்தோடு நேருக்கு நேர் மோதும் தருணங்கள் குறைவு. பள்ளி வகுப்பறையோடும் மருத்துவமனை வரிசையோடும் மோதுவது தினமும் நடக்கிறது.

ஒரு திருநங்கை மருத்துவமனையில் காத்திருக்கிறார். அட்டையில் பழைய ஆண் பெயர். செவிலியர் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார், இவர் எழுகிறார், அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. அடுத்த முறை காய்ச்சல் வந்தாலும் அவர் மருத்துவமனைப் பக்கம் போக யோசிப்பார். தேசிய அடையாள அட்டையில் பெயரை மாற்றுவது மாகாணத்தின் அதிகாரத்தில் இல்லாமல் போகலாம். ஆனால் தன் மருத்துவமனையில் எந்தப் பெயரைக் கூப்பிட வேண்டும் என்று மாகாணம் உத்தரவு போடலாம். ஸ்பெயினின் அந்தலூசியா 2014இல் இயற்றிய திருநர் சட்டம் இதைச் செய்தது. மாகாண நிர்வாகம் வழங்கும் ஆவணங்களில் அவரவர் பாலின அடையாளத்துக்கு ஏற்ற பெயர் இருக்கலாம் என்றது. நாடு முழுவதற்குமான அதைவிடப் பெரிய சட்டம் ஸ்பெயினில் வர 2023 ஆனது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள் மருத்துவமனைக்குப் போய்வந்தவர்களுக்கு மாகாணச் சட்டம்தான் துணை.

இந்த வாக்குறுதிகள் எந்தெந்த வடிவில் வருகின்றன?

வலுக்குறைந்ததிலிருந்து சொன்னால்: முதலில் அறிக்கை அல்லது தீர்மானம். சபையில் வாசித்து, கைதூக்கி, படம் எடுத்துக்கொள்வது. அடுத்து செயல்திட்டம்: எந்தத் துறை எதை எப்போது செய்யும் என்ற பட்டியல். பெர்லின் 2010 வாக்கில் இப்படியொரு திட்டத்தைத் தொடங்க, ஜெர்மனியின் மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. அதற்கும் மேலே மாகாணச் சட்டம். எல்லாவற்றுக்கும் மேலே, மாகாணத்துக்கென்று தனி அரசியலமைப்பு உள்ள இடங்களில், அதிலேயே எழுதி வைப்பது. பிராண்டன்பர்க் 1992இலும் பெர்லின் 1995இலும் பாலியல் அடையாளத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்று தங்கள் அரசியலமைப்பில் எழுதின. ஜெர்மனியின் தேசிய அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவு அப்போது அந்தச் சொல்லைத் தொடக்கூட இல்லை.

தீர்மானத்துக்குச் சட்ட வலு கிடையாது என்கிறார்கள். பிறகு அதை ஏன் பொருட்படுத்த வேண்டும்?

போலந்தில் நடந்ததைப் பாருங்கள்.

2019 பிப்ரவரியில் வார்சா மேயர் ரஃபாவ் த்ஷஸ்கோவ்ஸ்கி எல்ஜிபிடி மக்களுக்கு ஆதரவான ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டார். பள்ளியில் பாகுபாட்டுக்கு எதிரான கல்வி, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இளைஞர்களுக்குத் தங்குமிடம் போன்றவை அதில் இருந்தன. அடுத்த மாதமே நாட்டின் கிழக்கே ஷ்விட்னிக் மாவட்ட சபை பதிலடி கொடுத்தது: தங்கள் மாவட்டம் ‘எல்ஜிபிடி சித்தாந்தம்’ அற்றது என்று தீர்மானம் போட்டது. அதைப் பார்த்து இன்னொன்று, இன்னொன்று. ஒரே வருடத்தில் ஏறத்தாழ நூறு உள்ளாட்சி சபைகள் இப்படித் தீர்மானமோ, அதற்கு இணையான ‘குடும்ப உரிமை சாசனமோ’ நிறைவேற்றின. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அவற்றின் கீழ் வந்தது. அவற்றில் முழு மாகாண சபைகளும் இருந்தன.

இந்தத் தீர்மானங்களில் தண்டனை இல்லை, அபராதம் இல்லை. யாரையும் ஊரைவிட்டு வெளியேற்ற அவற்றுக்கு அதிகாரம் இல்லை. ஊர் எல்லையில் தொங்கியதாக உலகம் முழுக்கப் பரவிய மஞ்சள் பலகைப் படங்கள்கூட அந்தச் சபைகள் வைத்தவை அல்ல. பார்ட் ஸ்டாஷெவ்ஸ்கி என்ற செயற்பாட்டாளர் அந்த ஊர்களின் பெயர்ப் பலகை அருகே தானே ஒரு பலகையை மாட்டிப் படம் எடுத்தார். சபை சொன்னதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டுவது அவர் நோக்கம். படத்தைப் பார்த்தவர்கள் அதை அரசுப் பலகை என்றே நினைத்தார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் அவரைப் பொய்யர் என்றார்கள்.

சட்ட வலு இல்லைதான். ஆனால் தன் ஊர் சபையே தனக்கு எதிராகக் கைதூக்கியிருக்கிறது என்று தெரிந்த பதினாறு வயதுப் பையன் பள்ளியில் அடிவாங்கினால் ஆசிரியரிடம் போய்ச் சொல்வானா? அந்த ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அதே சபை. அரசு பேசும் பேச்சே ஒரு செயல்தான். வெறுப்புத் தீர்மானத்துக்கு இது பொருந்தினால், ஆதரவுத் தீர்மானத்துக்கும் பொருந்தும். அதனால்தான் வெறும் அறிக்கைகளை நான் முழுதாக ஒதுக்கித் தள்ளுவதில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்பவர்களைக் கைதட்டிப் பாராட்டவும் மாட்டேன்.

அந்தப் போலந்துத் தீர்மானங்கள் எப்படி முடிவுக்கு வந்தன?

கண்டனத்தால் முடியவில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 டிசம்பரில் கண்டித்தது. 2021 மார்ச் 11 அன்று ஒருபடி மேலே போய், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதையும் ‘எல்ஜிபிடிஐக்யூ சுதந்திர மண்டலம்’ என்று 492க்கு 141 என்ற வாக்கில் அறிவித்தது. போலந்து மாகாணங்கள் அசரவில்லை.

அசைத்தது பணம். 2020 ஜூலையில் ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவான ஐரோப்பிய ஆணையம் ஆறு போலந்து ஊர்களின் விண்ணப்பங்களை நிராகரித்தது. சகோதர நகரத் திட்டத்துக்கான சிறு தொகைகள்தாம் அவை. உடனே போலந்தின் நீதி அமைச்சர், பணம் இழந்த டுஹூஃப் என்ற ஊருக்கு அரசு நிதியிலிருந்து 2,50,000 ஸ்வோட்டி கொடுத்தார். சிறு தொகையை அப்படி ஈடுகட்டிவிடலாம். க்ராஷ்னிக் என்ற ஊருக்கு அடி வேறு விதமாக வந்தது. அதன் பிரெஞ்சு சகோதர நகரம் உறவை முறித்துக்கொண்டது. நார்வே தரவிருந்த வளர்ச்சி நிதியும் கைவிட்டுப்போகும் நிலை வந்தது. 2021 ஏப்ரலில் அந்த ஊர் சபை தன் தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது.

பிறகு 2021 செப்டம்பர். ஐரோப்பிய ஆணையம் ஐந்து மாகாணங்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதியது: இந்தத் தீர்மானங்கள் இருக்கும்வரை கொரோனாவுக்குப் பிந்தைய மீட்பு நிதி பற்றிய பேச்சு நின்றிருக்கும். செப்டம்பர் 22 அன்று ஷ்வியென்டோக்ஷிஸ்கியே மாகாண சபை பின்வாங்கியது. ஐந்தே நாளில் மாவோபொல்ஸ்கா, போட்கர்பாட்சியே, லூப்ளின் மூன்றும் ஒரே தேதியில் பின்வாங்கின. இரண்டு வருடம் குடும்பம், மரபு, மானம் என்று முழங்கியவர்கள் மறுப்புக் குரல் பெரிதாக எழாமலே கையைத் தூக்கினார்கள்.

சிறிய ஊர்களில் வேலையைச் செய்தது நீதிமன்றம். அப்போதைய மனித உரிமை ஆணையர் ஆடம் போட்னர் பல தீர்மானங்களுக்கு எதிராக வழக்குப் போட்டார். 2022 ஜூனில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அவற்றில் நான்கைச் செல்லாதவை என்று உறுதி செய்தது. கடைசியாக மிஞ்சிய வான்சூட் மாவட்டம் 2025 ஏப்ரலில்தான் ரத்து செய்தது.

பணத்தை நிறுத்தி வழிக்குக் கொண்டுவருவது நியாயமா?

இரண்டு பக்கமும் பேச இடம் இருக்கிறது. நிதி நின்றால் அந்த ஊரின் தன்பால் ஈர்ப்பாளரும்தான் மோசமான சாலையில் போக வேண்டும். ‘வெளியூர்க்காரன் மிரட்டிப் பணியவைத்தான்’ என்ற கோபம் உள்ளூரில் அவர்கள் மேலேயே திரும்பவும் செய்யும்.

ஆனாலும் என் கருத்து: நியாயம்தான். ஒன்றியத்தின் நிதி பாகுபாடு இல்லாமல் செலவிடப்பட வேண்டும் என்பது அந்தப் பணத்தோடு சேர்ந்தே வந்த நிபந்தனை. 2021 முதல் 2027 வரையிலான நிதி விதிகளில், அடிப்படை உரிமை சாசனத்தை மதிப்பது முன்நிபந்தனையாகவே எழுதப்பட்டிருக்கிறது. நிபந்தனையைத் தெரிந்தே வாங்கிவிட்டு, ‘எங்கள் ஊரில் இவர்கள் மட்டும் வேண்டாம்’ என்று சொன்னால் பணம் நிற்கத்தான் செய்யும்.

உருப்படியான ஒரு மாகாணச் சட்டம் எப்படி இருக்கும்?

ஸ்பெயினின் கத்தலோனியா 2014 அக்டோபரில் இயற்றிய எல்ஜிபிடி உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டியவை.

முதலாவது, நிரூபிக்கும் பொறுப்பு. பாகுபாடு நடந்தது என்று நம்ப நியாயமான அறிகுறிகளைப் பாதிக்கப்பட்டவர் காட்டினால் போதும். அதன்பின் பாகுபாடு இல்லை என்று காட்ட வேண்டியது எதிர்த் தரப்பு. வீடு வாடகைக்குக் கேட்டுப் போன ஆண் இணையரிடம் ‘வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்’ என்கிறார் உரிமையாளர். அடுத்த வாரமும் அதே வீட்டுக்கு விளம்பரம் வருகிறது. உரிமையாளரின் மனதுக்குள் இருந்ததை இணையர் எப்படி நிரூபிப்பார்கள்? இந்த ஒரு பிரிவு இல்லாவிட்டால் பாகுபாட்டுச் சட்டங்கள் பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இரண்டாவது, அபராதம். குற்ற வழக்கு, சிறை என்று போகாமல், நிர்வாக அபராதமாக லேசானது, கடுமையானது, மிகக் கடுமையானது என்று வகுத்திருக்கிறார்கள். மூன்றாவது, மருத்துவம், கல்வி, சமூகநலப் பணியில் இருப்பவர்கள் பாகுபாடோ வன்முறையோ நடப்பதாகச் சந்தேகப்பட்டால் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற கடமை. கண்டும் காணாமல் இருக்கும் ஆசிரியர் இந்தச் சட்டத்தின் முன் தவறியவர்.

குறை இல்லாமல் இல்லை. இத்தகைய சட்டத்தை இயற்றும் வேகம் ஒன்று, விதிமுறை எழுதி ஆட்களை நியமித்து அபராதம் விதிக்கத் தொடங்கும் வேகம் இன்னொன்று. ஆனால் சட்டம் இருந்ததால்தான் ‘ஏன் இன்னும் தொடங்கவில்லை’ என்று கேட்கவே முடிந்தது.

பெர்லின் 2020இல் வேறு கோணத்தில் போனது. அதன் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அரசு அலுவலகங்களையே குறிவைத்தது: காவல்துறையோ பள்ளியோ பாகுபாடு காட்டினால் மாகாணமே இழப்பீடு தர வேண்டும். ஒரு ஜெர்மன் மாகாணம் தன்மேலேயே வழக்குப் போட இப்படி வழிதிறந்துவிட்டது அதுவே முதல்முறை.

மாகாணம் தன் எல்லையைத் தாண்டிப் போனால்?

மேலே இருப்பவர்கள் வெட்டிவிடுவார்கள். இத்தாலியில் தஸ்கனி 2004 நவம்பரில் பாலியல் நாட்டம், பாலின அடையாளம் தொடர்பான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. இத்தாலிய மாகாணங்களில் அதுவே முன்னோடி. ரோம் அரசு வழக்குப் போட, 2006இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சில பிரிவுகளை நீக்கியது. தனிநபர்களுக்கு இடையிலான சிவில் சட்டம் தேசத்தின் அதிகாரம், மாகாணம் தொடக்கூடாது என்றது. வேலைவாய்ப்பு, பயிற்சி, சுகாதாரம் பற்றிய மற்றவை பிழைத்தன.

ஸ்காட்லாந்தில் முழுச் சட்டமே போயிற்று. திருநர்கள் சட்டப்படி பாலினத்தை மாற்றிக்கொள்வதை எளிதாக்கும் மசோதாவை அதன் நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 22 அன்று 86க்கு 39 என்று நிறைவேற்றியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, லண்டன் அரசு 1998ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து சட்டத்தின் 35ஆம் பிரிவைப் பயன்படுத்தி அதை நிறுத்தியது. அந்தப் பிரிவு இருபது ஆண்டுகளுக்கு மேல் தூங்கிக் கிடந்தது, அதற்குமுன் ஒருமுறையும் எடுக்கப்படவில்லை. 2023 டிசம்பரில் எடின்பரோ நீதிமன்றமும் லண்டன் செய்தது செல்லும் என்றது.

இதிலிருந்து தெரிவது: வேட்பாளர் ஒருவர் பெரிய வாக்குறுதி தரும்போது, ‘இது உங்கள் அதிகாரப் பட்டியலில் இருக்கிறதா?’ என்று முதலில் கேட்க வேண்டும். இல்லாத அதிகாரத்தில் வாக்குறுதி தருவதைப் போலச் சுலபமானது எதுவும் இல்லை.

ஓர் ஆட்சி தந்ததை அடுத்த ஆட்சி பறித்துவிட முடியுமா?

முடியும். ஸ்பெயினின் மாட்ரிட் மாகாணம் 2016இல் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது: ஒன்று பாலின அடையாளம் பற்றியது, மற்றது எல்ஜிபிடி மக்கள்மீதான பாகுபாட்டுக்கு எதிரானது. அப்போது ஆட்சியில் இருந்தது வலதுசாரி மக்கள் கட்சி. 2023 டிசம்பரில் இரண்டையும் கத்தரித்ததும் அதே மக்கள் கட்சிதான், தனிப்பெரும்பான்மை கிடைத்தபின். நடுவில் மாறியது தலைமையும் காற்றின் திசையும். அதை எதிர்த்து மத்திய அரசு அரசியலமைப்பு நீதிமன்றம் போனது.

ஆகவே கட்சியின் நிறத்தை வைத்து மட்டும் எதையும் கணிக்க முடியாது. பறிப்பதைக் கடினமாக்கும் ஏற்பாடுகள் சில உண்டு: சட்டத்தின் கீழ் நிரந்தர அலுவலகம், ஆண்டுதோறும் சபையில் அறிக்கை வைக்கும் கட்டாயம், தொண்டு அமைப்புகளோடு பல ஆண்டு ஒப்பந்தம். கத்தலோனியா மாவட்டம்தோறும் திறந்த உதவி மையங்கள் இந்த வகை. கதவு திறந்து ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தை மூடுவது, ஒரு தாளைக் கிழிப்பதைவிடக் கடினம்.

மாகாணம் முன்னே போனால் நாடு பின்னே வருமா?

பல இடங்களில் வந்திருக்கிறது. கனடாவின் கியூபெக் 1977 டிசம்பரிலேயே தன் உரிமை சாசனத்தில் பாலியல் நாட்டத்தைச் சேர்த்தது. கனடாவின் தேசிய மனித உரிமைச் சட்டத்தில் அது ஏற 1996 ஆனது. புவெனஸ் ஐரிஸ் நகரம் 2002இல் தன்பால் இணையருக்குச் சிவில் இணைவை, அதாவது திருமணம் என்ற பெயரில்லாத சட்டப் பதிவைக் கொடுத்தது. அர்ஜென்டினா 2010 ஜூலையில் திருமண உரிமையே தந்தது. மெக்சிகோ நகரச் சபை 2009 டிசம்பரில் திருமணத்தை அனுமதித்தது. அங்கே தேசியச் சட்டம் என்று ஒன்று வரவில்லை. மாநிலம் மாநிலமாக நகர்ந்து, கடைசி மாநிலமான தமவ்லிபாஸ் 2022 அக்டோபரில் சேர்ந்தது. பதின்மூன்று ஆண்டு நடை.

ஜப்பானில் நடை இன்னும் முடியவில்லை. 2015இல் டோக்கியோவின் ஷிபுயா, செடகாயா பகுதிகள் தொடங்கிய இணையர் சான்றிதழ் முறையை 2019 ஜூலையில் இபராக்கி மாகாணம் எடுத்துக்கொண்டது, மாகாண அளவில் அதுவே முதல். டோக்கியோ மாநகர அரசு 2022 நவம்பரில் வந்தது. அந்தச் சான்றிதழுக்குத் திருமணத்தின் சட்ட வலு இல்லை. பொது வீட்டுவசதிக்கு விண்ணப்பிக்கவும், மருத்துவமனையில் ‘நான் யார்’ என்று சொல்லவும் உதவும். சொத்துரிமைக்கு உதவாது.

எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் தெற்கு ஆஸ்திரேலியா 1975இல் ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. டாஸ்மேனியா மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டது. நிக்கலஸ் டூனன் என்பவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார், 1994இல் வென்றார். கான்பெரா தேசியச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்பிறகும் முரண்டு பிடித்த டாஸ்மேனியா 1997இல்தான் இறங்கிவந்தது. மாகாண சுயாட்சி என்பது நல்லதற்கும் கேடயம், கெட்டதற்கும் கேடயம்.

பள்ளிக்கூடம் என்றால் மட்டும் ஏன் இவ்வளவு சண்டை?

பிள்ளைகள் என்ற சொல் வந்தவுடன் நிதானம் போய்விடுகிறது என்பதால். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாகாணம் பாடத்திட்டத்தில் பாலியல் பன்மையை ஏற்றுக்கொள்ளும் மனப்பான்மையைச் சேர்க்க முயன்றபோது, 2014 தொடக்கத்துக்குள் சுமார் 1,92,000 கையெழுத்துகளோடு எதிர்ப்பு மனு வந்தது. ஸ்டுட்கார்ட் தெருக்களில் பேரணிகள் நடந்தன. மாகாணம் வாசகத்தை மென்மையாக்கியது, ஆனால் முழுதாகக் கைவிடவில்லை. 2015இல் தன் செயல்திட்டத்தையும் வெளியிட்டது.

ஸ்காட்லாந்தின் கதை நீளமானது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பால் ஈர்ப்பை ‘ஊக்குவிக்க’ கூடாது என்று தாட்சர் காலத்தில் வந்த தடையை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2000இல் நீக்கியது. அந்த நாடாளுமன்றம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. கடும் எதிர்ப்புப் பிரச்சாரத்தையும் தாண்டித்தான் செய்தது. இங்கிலாந்தில் அதே தடை 2003வரை இருந்தது. 2018 நவம்பரில் ஸ்காட்லாந்து எல்லா அரசுப் பள்ளிகளிலும் எல்ஜிபிடி உள்ளடக்கிய கல்வி என்று அறிவித்தது.

கண்ட அளவிலான அமைப்புகள் உண்மையில் எதைச் சாதித்திருக்கின்றன?

ஐரோப்பாவில் இரண்டு தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ள வேண்டாம். 46 நாடுகள் கொண்ட ஐரோப்பியக் கவுன்சில் ஒன்று. ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் அதனுடையது. 27 நாடுகள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியம் இன்னொன்று, பணம் அதனிடம்.

ஸ்ட்ராஸ்பர்க் 1981இல் ஜெஃப்ரி டஜன் வழக்கில், வயதுவந்த ஆண்களுக்கு இடையிலான சம்மத உறவைக் குற்றமாக்கிய வட அயர்லாந்துச் சட்டம் அந்தரங்க உரிமையை மீறுகிறது என்றது. அடுத்த ஆண்டே சட்டம் மாறியது. இந்தத் துறையின் அடித்தளமான அந்தத் தீர்ப்பே ஒரு மாகாணச் சட்டத்துக்கு எதிராக வந்தது என்பதைக் கவனியுங்கள். 2010 மார்ச்சில் கவுன்சிலின் அமைச்சர்கள் குழு பாலியல் நாட்டம், பாலின அடையாளம் பற்றிய பரிந்துரையை ஏற்றது. அரசுகள் கூடி இந்தப் பொருளில் மட்டுமே எழுதிய முதல் ஆவணம் அது. கட்டாயம் இல்லை. ஆனால் நீதிமன்றங்கள் அதை எடுத்துப் படிக்கின்றன.

ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு உத்தரவு வேலை இடத்தில் பாலியல் நாட்டப் பாகுபாட்டைத் தடைசெய்தது. வீடு, கடை, கல்வி ஆகியவற்றுக்கும் அதை விரிக்க 2008இல் முன்வைத்த வரைவு, எல்லா நாடுகளும் ஒருமனதாக ஏற்க வேண்டும் என்ற விதியால் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. 2020 நவம்பரில் ஐந்தாண்டு சமத்துவ வியூகம் ஒன்று வந்தது. வியூகத்தைவிட அந்த நிதி நிபந்தனையே அதிகம் வேலை செய்தது என்பது என் கணிப்பு.

மற்ற கண்டங்களில்?

அமெரிக்க நாடுகள் அமைப்பு 2008 ஜூனில், கொலம்பியாவின் மெடெயினில் கூடியபோது முதல் தீர்மானத்தை நிறைவேற்றியது. அங்கேயும் நீதிமன்றம்தான் பல் உள்ள பகுதி. 2012இல் சிலி நாட்டு நீதிபதி கரேன் அத்தாலா வழக்கில், தாய் தன்பால் ஈர்ப்பாளர் என்பதற்காகப் பிள்ளைகளை அவரிடமிருந்து பிரித்தது பாகுபாடு என்றது. 2018 ஜனவரியில் வெளியான கருத்துரையில் தன்பால் இணையருக்குத் திருமணம் உட்பட சம உரிமை வேண்டும் என்றது. அதைக் கேட்டிருந்த கோஸ்டாரிக்காவில் 2020 மே மாதம் திருமணங்கள் தொடங்கின.

ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் 2014இல் எல்ஜிபிடி மக்கள்மீதான வன்முறையைக் கண்டித்து 275ஆம் தீர்மானத்தை ஏற்றது. 2015இல் ஆப்பிரிக்க லெஸ்பியன்கள் கூட்டமைப்புக்குப் பார்வையாளர் தகுதியும் கொடுத்தது. ஆப்பிரிக்க ஒன்றிய அரசுகள் அழுத்தம் கொடுக்க, 2018இல் அந்தத் தகுதி பறிபோனது. தீர்மானம் மட்டும் நிற்கிறது.

ஆசியாவில் கண்ட அளவிலான மனித உரிமை நீதிமன்றமே கிடையாது. ஆசியான் 2012இல் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தில் பாலியல் நாட்டத்தைச் சேர்க்கச் சொல்லிச் செயற்பாட்டாளர்கள் கேட்டார்கள், சேர்க்கவில்லை. ஆனாலும் தைவான் 2019இலும் தாய்லாந்து 2025 ஜனவரியிலும் திருமண சமத்துவத்துக்கு வந்துவிட்டன. கண்டத்தின் தயவு இல்லாமலும் நடக்கும்.

ஒரு செயல்திட்டம் கையில் கிடைத்தால் எதைப் பார்க்க வேண்டும்?

வினைச்சொற்களை. ‘ஊக்குவிக்கும்’, ‘பரிசீலிக்கும்’, ‘விழிப்புணர்வு ஏற்படுத்தும்’, ‘ஆவன செய்யும்’ என்று வருமிடமெல்லாம் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். அந்தச் சொற்களைச் செய்யத் தவறியதாக யாரையும் குற்றம்சாட்ட முடியாது. பிறகு ‘நியமிக்கும்’, ‘ஒதுக்கும்’, ‘திருத்தும்’, ‘வெளியிடும்’ என்று வருமிடங்களை எண்ணுங்கள். அவற்றின் அருகில் துறையின் பெயரும் ஆண்டும் தொகையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, பட்ஜெட் ஆவணத்தைத் திறந்து அதே தொகை அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். திட்டத்தில் இருந்து பட்ஜெட்டில் இல்லாத வாக்குறுதி பிறக்கவே இல்லை. திட்டத்தில் யார் பெயர் இல்லை என்பதும் முக்கியம். இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் செய்யப்படும் அறுவை சிகிச்சை, முதியோர் இல்லத்தில் இருக்கும் தன்பால் ஈர்ப்பாளர்கள், கிராமத்தில் இருப்பவர்கள் ஆகிய மூன்றும்தான் வழக்கமாக விட்டுப்போகும். தலைநகரின் பேரணிக்கு நிதி இருக்கும்; அங்கிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருப்பவருக்குத் தொலைபேசி எண்கூட இருக்காது.

மாகாணம் தன் வாக்குறுதியை மீறினால் எங்கே போவது?

வாக்குறுதி எந்த வடிவில் இருந்தது என்பதைப் பொறுத்தது. சட்டமாக இருந்தால் நீதிமன்றம் அல்லது அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள புகார் அலுவலகம். செயல்திட்டமாக இருந்தால் சபையில் கேள்வி எழுப்ப ஓர் உறுப்பினரைப் பிடிக்க வேண்டும். எழுத்துப்பூர்வமான கேள்விக்கு அமைச்சர் எழுத்துப்பூர்வமாகப் பதில் தந்தாக வேண்டிய இடங்களில் இது நல்ல ஆயுதம். மனித உரிமை ஆணையர் இருந்தால் அவரிடம் முறையிடலாம், போலந்தில் சிறிய ஊர்களுக்கு எதிராக வழக்குப் போட்டது அந்தப் பதவிதான். உள்நாட்டு வழிகள் முடிந்தபின் கண்ட அளவிலான நீதிமன்றம் அல்லது ஐ.நா. மனித உரிமைக் குழு. டஜன், டூனன் இருவரும் கடைசியில் ஜெயித்தார்கள் என்றாலும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தே ஜெயித்தார்கள்.

வெறும் அறிக்கையாக இருந்தால் சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது. பத்திரிகையும் அடுத்த தேர்தலும்தான்.

தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவங்களால் பயன் உண்டா?

கொஞ்சம் உண்டு. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்களில் உரிமை அமைப்புகள் இப்படிக் கையெழுத்து வாங்குவதை வழக்கமாக்கியிருக்கின்றன. ஜெயித்தவர்களில் யார் கையெழுத்திட்டார் என்ற பட்டியல் கையில் இருப்பதால், ஒரு முக்கிய வாக்கெடுப்புக்கு முன் யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பது தெரிகிறது. கையெழுத்திட்டவர் மாற்றி வாக்களித்தால் அவருடைய பெயரையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட முடிகிறது.

மாகாணத் தேர்தலுக்குப் படிவம் தயாரிக்கிறீர்கள் என்றால் அதில் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம், எல்லாமே அந்த மாகாணத்தின் அதிகாரத்துக்குள் இருக்கட்டும். ‘சமத்துவத்தை ஆதரிக்கிறேன்’ என்று எழுதினால் எல்லோரும் கையெழுத்திடுவார்கள், எதிர்ப்பவர்கள்கூட. ‘முதல் பட்ஜெட்டிலேயே, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட எல்ஜிபிடி இளைஞர்களுக்கான தங்குமிடத்துக்கு நிதி ஒதுக்க வாக்களிப்பேன்’ என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் ‘கட்சியிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்பார்கள். யாரிடம் தொடர்ந்து பேச வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.